எந்த அச்சத்தை எதிர்கொள்வது?

பயந்ததை விட்டு விலகாதே, நேரே போய் நில் என்கிறார்கள். இந்த அறிவுரையை எடைபோடுவதற்கு இலங்கையின் கிண்ணியாவைவிடப் பொருத்தமான ஊர் எனக்குத் தெரியவில்லை. 2004 டிசம்பர் 26இல் கடல் இந்த ஊருக்குள் புகுந்தது. 2021 நவம்பர் 23இல் இங்கே குறிஞ்சாக்கேணியில், மக்களை ஏற்றிக் கரை சேர்க்கும் படகுப்பாதை கவிழ்ந்தது. இரண்டும் தண்ணீரால் வந்த பயங்கள்தான். ஆனால் ஒரே மருந்து இரண்டுக்கும் ஆகாது.

கடலை முதலில் பார்ப்போம். ஆழிப்பேரலை வைத்தியசாலையைக்கூட விட்டுவைக்கவில்லை. மீன்பிடியில் சோறு உண்ணும் ஊரில், அலைச் சத்தம் கேட்டாலே உடல் நடுங்கும் ஒருவரால் தோணி தள்ள முடியாது. அவர் கரைக்குப் போகாமல் வீட்டிலிருக்கும் ஒவ்வொரு நாளும் மனசுக்கு நிம்மதி கிடைக்கிறது. அந்த நிம்மதிதான் வினை. போகாததால் தப்பினேன் என்று மனம் கணக்கு எழுதிக்கொள்கிறது. அலை ஊருக்குள் வராமல் அமைதியாகக் கழிந்த ஆயிரம் நாட்கள் அந்தக் கணக்கில் ஏறுவதே இல்லை. கரைக்குப் போனால்தான் ஏறும்.

எப்படிப் போவது என்பதில்தான் இந்த முறையின் திறமை இருக்கிறது. 1924இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர், முயலுக்குப் பயந்த பீட்டர் என்ற சிறுவன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது முயலைக் கொஞ்சம் கொஞ்சமாக அருகே கொண்டுவந்தார். 1958இல் ஜோசப் வோல்ப் இதைப் படிப்படியான சிகிச்சையாக வகுத்து எழுதினார். கடலென்றால் முதலில் சத்தம் மட்டும் கேட்கும் தூரம், அப்புறம் ஈரமணல், அப்புறம் கணுக்காலளவு தண்ணீர். அடுத்த படி எப்போது என்பதைப் பயந்தவரே சொல்ல வேண்டும். ‘ஆம்பிளைப் பிள்ளைக்கு என்ன பயம்’ என்று கையைப் பிடித்து இழுத்துப்போவது இந்தச் சிகிச்சையில் சேராது. அது பழைய காயத்தின்மேல் புதுக் காயம்.

இது ஒன்றே வழி என்பதும் மிகை. ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கையின் வடகிழக்கில் முகாம்களிலிருந்த 31 பிள்ளைகளிடம் கிளோடியா கட்டானி குழுவினர் செய்த ஆய்வு 2008இல் வெளியானது. ஒரு பகுதிப் பிள்ளைகள் நடந்ததை விரிவாகச் சொல்லி அதை மறுபடி எதிர்கொண்டார்கள். மற்றவர்கள் தியானமும் தளர்வுப் பயிற்சியும் செய்தார்கள். ஆறே அமர்வுகள், நடத்தியவர்கள் உள்ளூர் ஆற்றுப்படுத்துநர்கள். ஆறு மாதம் கழித்து முதல் பகுதியில் 81 வீதமும் மற்றதில் 71 வீதமும் தேறியிருந்தார்கள். புள்ளியியல்படி அது பெரிய வேறுபாடல்ல. சிறிய ஆய்வுதான். ஆனாலும் நினைவைக் கிளறாமலும் ஒரு பிள்ளை தேறலாம் என்பது எனக்கு ஆறுதலான செய்தி.

இன்னொரு வரம்பும் உண்டு. எதிர்கொண்ட அச்சம் அழிந்துபோவதில்லை, அதன் பக்கத்தில் புதிய அனுபவம் ஒன்று சேர்கிறது, அவ்வளவுதான். அதில் ஒரு நன்மையும் இருக்கிறது. 2012 ஏப்ரல் 11இல் சுமாத்திராவுக்கு அப்பால் நிலம் அதிர்ந்து எச்சரிக்கை வந்தபோது கரையை விட்டு ஓடியவர்களை வேகமாய் உந்தித் தள்ளியது அந்தப் பழைய பயம்தான். அன்று ஓடியதே சரி.

குறிஞ்சாக்கேணிக்கு வருவோம். பாலம் கட்டும் வேலை நடந்ததால் மக்கள் படகுப்பாதையில் கடந்தார்கள். அன்று காலை அது கவிழ்ந்து, பள்ளிக்கூடம் போன சிறுவர்கள் உட்பட ஆறு பேர் அன்றே இறந்தார்கள். அதற்குப் பின் ஓர் உம்மா பிள்ளையைத் தண்ணீர் வழியே அனுப்ப மறுத்தால், அவருக்கு மன உறுதி போதவில்லை என்று யாரும் சொல்லக்கூடாது. அவர் சரியாகவே கணக்குப் போட்டிருக்கிறார். கடந்துபோன ஆபத்தின் நிழலுக்குப் பழகலாம். கண்முன் நிற்கும் ஆபத்துக்குப் பிள்ளையைப் பழக்குவது, பொறுப்பானவர்களின் குற்றத்தை அந்தப் பிள்ளையின் தோளில் ஏற்றுவதாகும்.

இதே ஊர் முன்னொரு தடவை படகுப்பாதையிலிருந்து மீண்டது. 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தது, துறையில் காத்துக்கிடந்து கடக்கும் நிலை முடிந்தது. அதற்காக ஒருவருடைய துணிச்சலையும் வளர்க்க வேண்டியிருக்கவில்லை. பள்ளிக்கூடங்களில் தைரியம் பற்றிப் பேச வருகிற ஆற்றுப்படுத்துநர் முதலில் துறைக்குப் போய், எத்தனை பேரை ஏற்றுகிறார்கள், மிதவை அங்கி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வகுப்பறைக்குள் வரட்டும்.