'கெராக் காஸ்': யாருடைய நிஜம்?

'கெராக் காஸ்' என்னும் மலாய்க் குற்றவியல் தொடர் 1999இல் மலேசிய அரசுத் தொலைக்காட்சியில் தொடங்கி, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஒளிபரப்பாயிற்று. அதனைத் தயாரித்து, அதிகாரியாக நடிக்கவும் செய்த யூசோப் ஹஸ்லாம், திரைக்கு வருமுன் காவல் துறையில் பணியாற்றியவர். இது பெரும்பாலும் துணுக்குச் செய்தியாகவே சொல்லப்படுகிறது. நாம் அதனைத் தொடரின் திறவுகோலாகக் கொள்கிறோம். சீருடையின் மிடுக்கு, மேலதிகாரி முன் காட்டும் அடக்கம், ஆணையிடும் தொனி ஆகியவற்றில் உள்ளிருந்து பார்த்தவரின் கண் தெரிகிறது. காவல் துறையின் ஒத்துழைப்பும் அதற்கு வலுச்சேர்த்தது. நடிப்பில் சில இடங்களில் விறைப்பு மிகுதி. அது வேறு செய்தி.

குண்டர் கும்பல் கதை வந்தால், கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழர் 1993இல் மேடான் டாமன்சாராவில் சுட்டுக் கொல்லப்பட்ட பெந்தோங் காளியை நினைப்பது இயல்பு. ஆயின், அதே வட்டாரத்தின் நிஜம் அதோடு முடிவதில்லை. 2009 ஜனவரியில் சுபாங் ஜெயாவில் குகன் என்னும் இளைஞர் காவலில் இறந்தார். 2013இல் உயர்நீதிமன்றம் அம்மரணத்திற்குக் காவல் துறையினரைப் பொறுப்பாளிகளாக்கியது. உண்மைச் சம்பவங்களை ஒத்தது எனப் போற்றப்படும் ஒரு தொடரின் விசாரணை அறைக் காட்சிகளை, அத்தீர்ப்பை அருகில் வைத்தே நாம் பார்க்க வேண்டியுள்ளது.