பூத்த குண்டும் புகுந்த ஆழமும்

குழல்வாய் வழியே வெடிமருந்து கிட்டித்துச் சுடும் துப்பாக்கிகளின் வேட்டைக் குண்டுகளைச் சோதித்த மரபுகள் பற்றி எழுதவேண்டும் என்று மலர்க்குழுவினர் பணித்திருக்கிறார்கள். சங்கத்து மூத்தவர்களின் சொல்லைத் தட்டுவதற்கில்லை. பேக்கர், ஃபோர்சைத், ஜேக்கப் என்ற பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலேயத் துப்பாக்கி வல்லுநர்களை நம் அங்கத்தினர்களுக்கு விரிவாக விளக்கப் போவதில்லை. சொல்ல வந்தது ஒன்றுதான். குண்டு விரிவதற்கும் ஆழம் போவதற்கும் செலவு ஒரே மடியிலிருந்து போகிறது. ஒன்றை அளந்து மற்றதை விட்டவர், எந்தப் பள்ளியைச் சேர்ந்தவரானாலும், பாதிச் சோதனைதான் செய்திருக்கிறார்.

முதலில் ஒரு குழப்பத்தை ஒதுக்கிவிடலாம். நம் பழைய நூல்களில் 'விரியும் குண்டு' என்ற பெயர் இரண்டு வேறு சங்கதிகளுக்கு வருகிறது. பிரிட்டிஷ் படையின் கேப்டன் நார்ட்டனும் பிறகு பிரெஞ்சுக்காரர் மினியேவும் தேடியது குழலுக்குள் விரிவு. குண்டின் குழிந்த அடிப்பாகம் மருந்தின் வேகத்தில் விரிந்து குழல் வரிகளைப் பற்றிக்கொள்ளும். நார்ட்டனுக்கு அந்த யோசனை தென்னிந்தியாவில் கண்ட ஊதுகுழலிலிருந்து, அதாவது நம் சுங்குத்தானிலிருந்து வந்தது என்பார்கள். அம்பின் அடியில் இருந்த மெத்தென்ற தண்டுப்பகுதி ஊதும் காற்றைக் கசியவிடாமல் விரிந்ததாம். நமக்குப் பெருமைதான். ஆனால் மிருகத்தின் உடலில் ஈயம் காளானாகப் பூப்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. அண்மையில் இரண்டையும் ஒன்றாக்கி எழுதுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். பெயர் சொல்லப் போவதில்லை.

பழைய இங்கிலாந்துப் பள்ளி ஆழத்தை மட்டும் அளந்தது. 1857இல் விட்வொர்த் துப்பாக்கியின் அறுகோணக் குண்டைப் பட்டாளத்து என்ஃபீல்டு துப்பாக்கியின் குண்டோடு வைத்துச் சோதித்தார்கள். அரை அங்குல எல்ம் பலகைகளை வரிசையாக நிறுத்திச் சுட்டதில் விட்வொர்த் 33 பலகைகளைத் துளைத்தது. என்ஃபீல்டு பதின்மூன்றைத் தாண்டவில்லை. பட்டாளத்துக்கு அது நல்ல சோதனை, வேட்டைக்கு அரைகுறைச் சோதனை. மானைத் துளைத்து அப்பால் மண்ணில் புதையும் குண்டு தன் வேகத்தின் பெரும்பகுதியை மண்ணுக்குக் கொடுக்கிறது. இதைத் தெளிவாகச் சொன்னவர்களில் சாமுவேல் பேக்கர் முக்கியமானவர். இலங்கைக் காட்டில் யானைக்குக் கனத்த உருண்டைகளையும், பாதரசம் சேர்த்துக் கடினமாக்கிய ஈயத்தையும் கையாண்டவர் அவர். 1890இல் வெளியிட்ட நூலில், புலி போன்ற மெல்தோல் மிருகத்துக்குச் சுத்த ஈயத்தாலான கெட்டிக்குண்டுதான் வேண்டும் என்றார். அது பூத்து, எதிர்ப்பக்கத் தோலுக்கு அடியில் தங்கவேண்டும் என்பது அவருடைய அளவுகோல். எக்ஸ்பிரஸ் எனப்படும் அதிவேகத் துப்பாக்கியின் உட்குழிவான குண்டு சிதறிப் போவதைக் கடுமையாகச் சாடினார். தோலடியில் தங்கிய குண்டு என்ற அந்த ஒரே அடையாளத்தில் விரிவும் ஆழமும் சேர்ந்தே அளக்கப்படுகின்றன. அதனால்தான் எங்கள் பள்ளி இன்றும் பேக்கரை முதலில் வைக்கிறது. ஃபோர்சைத் 1863இல் உருண்டைக் குண்டுக்கும் கனத்த மருந்துக்கும் வாதாடினார். மெதுவாகத் திரும்பும் வரிகள் அதற்குத் துணை. தூரத்தைவிடப் பாதை தட்டையாக இருப்பதே மத்திய மாகாணத்துக் காட்டுக்குப் பெரிது என்பது அவர் கணக்கு. மோதியதும் வெடிக்கும் ஜேக்கப்பின் குண்டுகளை விரும்புகிறவர்கள் நம்மிடையே உண்டு. அவர்களோடு சண்டை வேண்டாம்.

எங்கள் ஆசிரியர் ஆய்வுக்கூடப் பள்ளியைச் சேர்ந்தவர். அவர் வகுத்த முறையில் பூத்த குண்டைப் பார்த்து வியப்பதற்கு இடமில்லை. வெளியே எடுத்த குண்டை முதலில் எடை போடவேண்டும், பிறகு வெர்னியரில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு அளவெடுத்துச் சராசரி காணவேண்டும். ஈயம் சுத்தமானதா, பேட்டரித் தகட்டிலிருந்து உருக்கிய ஆண்டிமனிக் கலப்பா என்று நகத்தால் கீறிப் பார்த்துக் குறிக்கவேண்டும். நகம் பதியாத ஈயத்துக்குத் தனிப் பக்கம். மருந்தின் எடை, அடைப்புத் துணியின் தடிமன், தூரம், குண்டு மோதிய வேகம் இவற்றை எழுதாத பக்கத்தை அவர் பதிவேட்டில் சேர்ப்பதில்லை. காரணம் கணக்கில் இருக்கிறது. 12 போர் உருண்டை என்றால் ஒரு பவுண்டு ஈயத்தில் பன்னிரண்டு உருண்டை, விட்டம் ஏறக்குறைய 18.5 மி.மீ., எடை 38 கிராமுக்குச் சற்றுக் குறைவு. அது 26 மி.மீ. ஆக விரிந்தாலே முகப்பரப்பு கிட்டத்தட்ட இரட்டிப்பாகிறது. தடையும் அந்த அளவுக்குக் கூடும், ஆழம் குறையும். இதிலிருந்து புதியவர்கள் நம்ப மறுக்கும் ஒரு முடிவு வருகிறது. கிட்டத்தில் சுட்ட மென்மையான ஈய உருண்டையைவிட, எட்டத்தில் வேகம் குறைந்து மோதிய அதே உருண்டை குறைவாக விரிந்து, சில வேளை அதே ஆழமோ கூடுதல் ஆழமோ போகலாம். குழல்வாய்க்கு முன்னால் ஒரே தூரத்தில் சுட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்பவருக்கு இது தெரியவே வராது.

இப்போது சோதனையின் தரத்துக்கு வருகிறேன். சற்று நீளும், பெரியவர்கள் பொறுக்கவேண்டும். குண்டைச் சுட்டுப் பார்க்கும் பத்து சதவீத ஜெலட்டின் கட்டியை 4 டிகிரி செல்சியஸில் வைத்து, சுடும் முன் 4.5 மி.மீ. எஃகுச் சிறுகுண்டை வினாடிக்கு 590 அடி வேகத்தில் செலுத்த, அது ஏழரை முதல் ஒன்பதரை செ.மீ.க்குள் நின்றால்தான் அந்தக் கட்டி சோதனைக்குத் தகும். இது பரவலாக ஒப்பிய முறை. நம் ஊரான சின்னசேலத்துக் கத்திரி வெயிலில் அந்தக் கட்டியை மேசைமேல் வைத்துவிட்டுக் கேமராவைச் சரிசெய்துகொண்டிருந்தால் என்ன ஆகும்? தளர்ந்த கட்டியில் எந்தக் குண்டும் ஆழமாகத்தான் போகும். இன்று சிலர் அந்த ஆழத்தை அங்குலக் கணக்கில் அறிவிக்கிறார்கள், சிறுகுண்டுச் சோதனையைப் பற்றி ஒரு சொல் இல்லை. வேறு சிலர் தர்ப்பூசணியையும் தண்ணீர்க் குடத்தையும் சுடுகிறார்கள். தண்ணீரில் ஈயம் தாராளமாகப் பூக்கும், படத்துக்கு அழகாக இருக்கும். இன்னும் சிலருக்குக் கிரெய்னும் கிராமும் ஒன்று. ஒரு கிராம் பதினைந்தரைக் கிரெய்னுக்குச் சற்றுக் குறைவு என்பது ஒருகாலத்தில் பயிற்சியின் முதல் நாள் பாடம். சிதறிய துணுக்குகளைத் திரட்டி எடை போடுவதை விட்டாயிற்று, குண்டின் இரண்டாம் விட்டத்தை அளப்பதையும் விட்டாயிற்று. விரிந்ததில் அழகான ஒன்றைத் தேர்ந்து கண்ணாடிப் பெட்டியில் வைக்கிறார்கள். விரியாத நான்கு எங்கே போயின? குறைசொல்வது நோக்கமல்ல, இளையவர்களின் ஆர்வம் பாராட்டத்தக்கதே. ஆனால் இந்த நிலை நீடித்தால் இன்னும் பத்தாண்டில் பதிவேடு என்ற சொல்லே நம் துறையில் இருக்காது என்று அஞ்சுகிறேன்.

ஜெலட்டின் மிருகம் இல்லையே, எலும்பும் தோலும் எங்கே என்று கேட்பவர்கள் உண்டு. படியும் நெல் இல்லைதான், ஆனாலும் நெல்லை அதில்தான் அளக்கிறோம். கட்டியின் வேலை குண்டோடு குண்டை ஒப்பிடுவது. மிருகத்துக்குள் நடப்பதை அப்படியே காட்டுவது அதன் வேலையல்ல. முன்னோர் ஜெலட்டினில்லாமலே வேட்டையாடவில்லையா என்பார்கள். ஆடினார்கள், ஆனால் அவர்களுடைய நூல்களில் வருபவை பெரும்பாலும் விழுந்த மிருகங்கள். காயத்தோடு புதருக்குள் போய்ச் செத்ததன் உடலிலிருந்து குண்டை எடுத்து அளக்க ஆளில்லை. மூன்றாவது கேள்விதான் கனமானது: 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டையே இல்லாத நாட்டில் இந்தச் சோதனை எதற்கு? இதற்கு விடை நம் தலைக்கு மேலே நிற்கும் கல்வராயன் மலையிலேயே இருக்கிறது. அங்கே உரிமமில்லாத நாட்டுத் துப்பாக்கிகளைக் காவல்துறை அவ்வப்போது பறிமுதல் செய்கிறது, ஒப்படைக்கவும் கேட்டுக்கொள்கிறது. அவற்றில் ஈயத்தோடு சைக்கிள் பால்ரஸ் என்னும் எஃகு உருண்டையும் கிட்டிக்கப்படுகிறது. எஃகு உருண்டை விரியாது. ஈயம் அதே அளவில் அதைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனம். எஃகின் துளை சிறியது, பாறையில் பட்டால் தெறிக்கும். மரவள்ளிக் காட்டில் அடிபட்ட பன்றியின் உடலில் இருப்பது எது, வழக்கில் வந்த குழல் எந்த அளவுக்கு உயிர்வாங்க வல்லது என்று தடயவியல் ஆய்வகம் 1959 ஆயுதச் சட்டத்தின் கீழ் வரும் வழக்கில் சொல்லவேண்டியிருக்கிறது. அங்கே தர்ப்பூசணிச் சோதனை செல்லாது.

அங்கத்தினர்களுக்கு ஒரு வேண்டுகோள். மறைந்த பெரியவர்களின் சுடுபதிவேடுகள் வீட்டுப் பரணில் இருந்தால் கரையான் முந்திக்கொள்வதற்குள் சங்கத்தில் சேர்த்துவிடுங்கள். அட்டை போயிருந்தாலும் கையெழுத்து மங்கியிருந்தாலும் பரவாயில்லை. தேதி, மருந்தெடை, தூரம் மூன்றும் உள்ள பக்கங்கள் கிடைத்தால் போதும்.