புகையேறிய கூடம்

ஜப்பான் தேசத்தில், எடோவையும் கியோட்டோவையும் மலைவழியே இணைத்த நகசெண்டோ என்னும் பழம்பாதையின் 69 தங்கல்களுள் 42-ஆவதாகிய சுமாகோவில், பிரபுக்களின் பரிவாரங்கள் இளைப்பாறிய ஒக்குயா என்னும் சத்திரத்தை, ஊரின் காட்சிசாலையாகப் போற்றி வருகின்றனர். இன்று நிற்கும் கட்டடம் 1877-இல் எழும்பியது; வெட்டினால் ஒரு மரத்துக்கு ஒரு தலை என்று சொல்லுமளவுக்குக் கடுங்காவலில் இருந்த ஹினோக்கி என்னும் சைப்பிரஸ் மரத்தை, அத்தடை நீங்கிய பின்னர், ஆசை தீர இழைத்துக் கட்டிய கிருகம் அது.

1880-இல் மெய்ஜி சக்கரவர்த்தி அங்கே சிரமபரிகாரம் செய்துகொண்டார். அந்தக் கீர்த்தியைக் காட்டிலும் என் மனத்தை ஆட்கொள்வது, கூடத்தின் தரையிலே பதித்த கணப்பும், அதன் புகை படிந்து கறுத்த மரத்தைத் துடைத்துத் துடைத்து ஏற்றிய மினுமினுப்பும், குளிர்காலத்துச் சாய்வெயில் மரச்சட்டங்களினூடே நுழைந்து அப்புகையில் கோடு கோடாய் இறங்கும் சௌந்தரியமுமே. பழைய வீடுகளை விற்பதில்லை, வாடகைக்கு விடுவதில்லை, இடிப்பதில்லை என்று ஊரார் 1971-இல் சங்கல்பம் செய்துகொண்டனர். எத்தகைய உத்தம சங்கல்பம்! கணப்பில் இன்றும் நெருப்பு மூட்டுகிறார்கள்.