கோயிலுக்குப் போய் வந்த கட்டுரைகள்

எழுதப் படிக்கத் தெரிந்த தமிழர் ஒவ்வொருவரும் வாழ்நாளில் ஒரு தரமாவது எழுதிப் பார்த்துவிடும் சமாசாரங்கள் இரண்டு உண்டு. ஒன்று காதல் கடிதம். மற்றொன்று, குடும்பத்தோடு கோயிலுக்குப் போய் வந்த கட்டுரை. முதலாவதை யாரும் அச்சுக்கு அனுப்புவதில்லை; அது வாசகர்கள் செய்த புண்ணியம். இரண்டாவது மாதம் தவறாமல் அச்சாகிக்கொண்டே இருக்கிறது. போதாததற்குத் தொகுத்துப் புத்தகமாகவும் வருகிறது. இரண்டு வருஷமாக என் மேஜைக்கு வந்து சேர்ந்த அப்படிப்பட்ட புத்தகங்களை அடுக்கி வைத்தால் சிறு கோபுரமே எழுப்பிவிடலாம். அத்தனையையும் நான் படித்தேன். படித்த பின்புதான் இதை எழுதுகிறேன்.

இவற்றின் போக்கு நமக்கு மனப்பாடம். சனிக்கிழமை விடியற்காலையில் குடும்ப சகிதமாகப் புறப்படுவார்கள். வழியில் ஒரு ஹோட்டலில் டிகிரி காபி. பிறகு ஊர் எத்தனை கிலோமீட்டர், ஸ்தல விருட்சம் என்ன, தீர்த்தம் என்ன, எந்தக் கிழமையில் எத்தனை விளக்குப் போட்டால் எந்தத் தோஷம் விலகும் என்ற ஜாபிதா. தரிசனம் 'மிகவும் திவ்யமாக' அமைந்தது. ஞாயிறு இரவு வீடு திரும்பினார்கள். சுபம்.

புறப்பட்டபோது நாலைந்து பேர் இருந்தார்களே, அவர்கள் எங்கே போனார்கள்? கோபுர வாசலைத் தாண்டியதும் மனைவி காணாமற் போகிறாள். குழந்தைகள் காணாமற் போகிறார்கள். எழுதுகிற மனிதரே காணாமற் போய்விடுகிறார். திண்ணையில் யாரோ விற்கும் எட்டணாப் பிரசுரம் மட்டும் அவர் குரலில் பேசுகிறது. காபியைப் பற்றி எழுதும்போதாவது அவர் அவராக இருந்தார் என்பதால், அந்தக் காபிப் பகுதிதான் இந்தக் கட்டுரைகளில் இலக்கியத்துக்குக் கிட்டத்தில் வருகிறது. இதை நான் கேலியாகச் சொல்லவில்லை.

இந்த வழக்கம் புதிதல்ல, பழைய ஸ்தல புராணங்களிலேயே இருப்பதுதான் என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். ஸ்தல புராணங்களை அவர்கள் புரட்டிப் பார்த்திருப்பார்களோ என்று எனக்குச் சந்தேகம். மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815-1876) எத்தனை ஊர்களுக்குப் புராணம் பாடியிருக்கிறார்! கும்பகோணத்துக்கே திருக்குடந்தைப் புராணம் இருக்கிறது. ஊரார் கேட்டுக்கொண்டதற்காகப் பாடியவைதாம் பல. ஆனாலும் நாட்டு வர்ணனை, நகர வர்ணனை என்று அந்தக் கவி முதலில் மண்ணையும் தண்ணீரையும் பாடிவிட்டுத்தான் சுவாமியிடம் வருவார். நம்முடைய கட்டுரைக்காரர்கள் அந்தப் புராணங்களிலிருந்து சாபத்தையும் விமோசனத்தையும் எடுத்துக்கொண்டார்கள். வயலையும் வாய்க்காலையும் விட்டுவிட்டார்கள்.

விட்டுவிட்டதோடு நிற்கவில்லை, மாற்றியும் விட்டார்கள். கும்பகோணத்தை மையமாக வைத்து ஒரே நாளில் ஒன்பது கிரகங்களையும் பார்த்துவிடுகிற யாத்திரை இருக்கிறதல்லவா? அதைப் பற்றிய புத்தகங்களில் திருநள்ளாறு என்றால் சனி, ஆலங்குடி என்றால் குரு; அவ்வளவுதான். திருநள்ளாற்றில் குடியிருப்பவர் தர்ப்பாரண்யேசுவரர். தேவாரம் பாடிய மூவரும் பாடிய தலம் அது. சனிபகவான் அங்கே ஒரு சந்நிதிக்காரர். ஆலங்குடியில் மஞ்சள் வஸ்திரம் சாத்துவது தட்சிணாமூர்த்திக்கு. அவர் ஆல மரத்தடியில் மௌனமாகப் பாடம் சொல்லும் சிவன். பிருகஸ்பதி வேறு ஆசாமி. ஜனங்கள் இரண்டையும் ஒன்றாக்கிக் கும்பிட்டால் அது அவர்கள் பக்தி, நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஆனால் புத்தகம் எழுதுகிறவர் இந்த வித்தியாசத்தை ஒரு வாக்கியத்தில் சொல்ல வேண்டாமா? ஒன்பது கோயிலை ஒரு நாளில் முடிக்க வேண்டுமானால் ஒரு கோயிலில் எவ்வளவு நேரம் நிற்க முடியும் என்ற கணக்கைக்கூட ஒருவரும் போட்டுப் பார்க்கவில்லை.

தஞ்சாவூர்ப் பெரிய கோயிலின் கதை இன்னும் வேடிக்கை. விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று ஏறக்குறைய எல்லாப் புத்தகங்களும் ஒரே வார்த்தையில் சாதிக்கின்றன. நான் அந்த நிழலில் உட்கார்ந்து கடலை தின்றிருக்கிறேன். மாலை நாலு மணிக்கு அங்கே போகிற எவரும் அதில் உட்காரலாம். தாராளமாக இடம் இருக்கிறது. இல்லாத அற்புதத்தை எழுதுகிறவர்கள், அதே கோயில் சுவரில் இருக்கும் அற்புதத்தைப் பார்ப்பதில்லை. ராஜராஜன் 400 நடனப் பெண்களைப் பல ஊர்க் கோயில்களிலிருந்து வரவழைத்துக் குடியமர்த்தினான். இன்ன தெரு, இன்ன சிறகு, இத்தனையாவது வீடு, இன்ன ஊரிலிருந்து வந்த இன்ன பெயருடையவள், அவளுக்கு வருஷத்துக்கு நூறு கலம் நெல் என்று கல்லில் வெட்டியிருக்கிறது. நான் நாவல் எழுதுகிறவன். சொந்த ஊரை விட்டு வந்த நானூறு பெண்களின் விலாசம் ஒரு சுவரில் எழுதியிருப்பதைக் கண்டால் எனக்கு நிழலைப் பற்றிக் கவலைப்பட நேரம் இராது.

நல்ல உதாரணங்கள் இல்லாமலா இருக்கின்றன? தொ. மு. பாஸ்கரத் தொண்டைமானின் 'வேங்கடம் முதல் குமரி வரை'யைச் சொல்லலாம். 'கல்கி'யில் தொடராக வந்தது. தொண்டைமான் சர்க்கார் அதிகாரி. 1951-இல் தஞ்சை அரண்மனையில் கலைக்கூடம் ஏற்படக் காரணமாயிருந்தவர். நம் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய், "இங்கே நில்லுங்கள், இதைப் பாருங்கள்" என்கிற தோரணையில் எழுதுவார். புராணக் கதையைச் சொல்லும்போதும் தாம் அதை ரசிக்கிறாரா நம்புகிறாரா என்பதை மறைக்க மாட்டார். சிட்டியும் தி. ஜானகிராமனும் சேர்ந்து எழுதி 1971-இல் வெளிவந்த 'நடந்தாய் வாழி காவேரி' இன்னொரு தினுசு. அவர்கள் கோயிலைத் தேடிப் போகவில்லை. நதியைத் தொடர்ந்து போனார்கள். கோயில்கள் தாமாக வந்து சேர்ந்தன. பேச்சும் அலுப்பும் பசியும் சங்கீதமும் அந்தப் புத்தகத்தில் சரிக்குச் சரியாக இருக்கின்றன. இரண்டையும் நான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். ஆனாலும் ஒரு குறை. தொண்டைமானுடையது ஒரு ரசிகர் நடத்தும் உலா. மற்றது நண்பர்களின் பயணம். கிழவியும் குழந்தையும் முழங்கால் வலியும் கூட வருகிற பயணத்தை இருவரும் எழுதவில்லை.

அப்படிப்பட்ட பயணத்தைத்தான் நம்மில் பெரும்பாலோர் செய்கிறோம். நல்ல சிற்பத்துக்கு முன்னால் ஒரு தமிழ்க் குடும்பம் நிற்கிற சந்தர்ப்பம் வருஷத்தில் அந்த இரண்டு நாள்தான். அந்த நேரத்தில் கையில் இருக்கும் புத்தகம் "பார்" என்று சொல்லாமல் "விளக்குப் போடு, நகரு" என்று சொன்னால், போனது போனதுதான்.

இந்த இடத்தில் புதுமைப்பித்தனோடு எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. 'சிற்பியின் நரகம்' கதையை வாசகர்கள் அறிவார்கள். பூம்புகார்ச் சிற்பி சாத்தன் வருஷக் கணக்காக உழைத்து ஒரு நடராஜ விக்கிரகம் செய்கிறான். கனவில் அது இருட்டுக் கர்ப்பக்கிருகத்தில் அகப்பட்டுக்கொள்கிறது. கூட்டம் கூட்டமாக ஜனங்கள் வந்து தலை குனிந்தபடி மோட்சம் கேட்கிறார்கள். ஒருவராவது நிமிர்ந்து சிலையைப் பார்க்கவில்லை. சாத்தனுக்கு வெறி பிடிக்கிறது. சிறு கதைதான், ஆனால் கோயிலுக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் அது என்னோடு கூட வந்துவிடும். அதன் சக்தியில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதன் தீர்ப்பில்தான் சந்தேகம். கும்பிடுகிறவனுக்குக் கண் இல்லை என்கிறது கதை. அது உண்மைதானா?

தாராசுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கும்பகோணத்துக்குப் பக்கத்தில், இரண்டாம் ராஜராஜன் 12-ஆம் நூற்றாண்டில் கட்டிய ஐராவதேசுவரர் கோயில். 2004-இல் யுனெஸ்கோவின் பட்டியலில் சேர்ந்தது. இங்கே சாத்தனின் கனவு தலைகீழாக நடக்கிறது. புல்தரை பச்சைப் பசேலென்று இருக்கிறது, வெளிச்சத்துக்குக் குறைவில்லை, வருகிறவர்கள் எல்லோரும் நிமிர்ந்துதான் பார்க்கிறார்கள், கைபேசி வழியாக. சக்கரமும் குதிரையும் பூட்டிய தேர் மண்டபத்துக்கு முன்னால் ஒரு படம். காளையும் யானையும் ஒரே தலையைப் பங்கு போட்டுக்கொள்ளும் சிற்பத்துக்கு ஒரு படம். தட்டினால் ஸ்வரம் பேசும் படிகளுக்கு ஒரு படம். கால் மணியில் ஆயிற்று. யாரும் மோட்சம் கேட்கவில்லை. பார்க்கவும் இல்லை.

நாங்கள் போன சனிக்கிழமையும் அப்படித்தான் இருந்தது. என் பெண் படம் எடுத்துத் தீர்த்துவிட்டாள். பையன் யானையைப் பார்த்துவிட்டு, அடுத்து என்ன என்றான். அம்மாவுக்கு முழங்கால் வலி. நாலடி நடந்தால் உட்கார வேண்டும். மூலவரைச் சேவித்துவிட்டு வெளியே வந்தவள், "நீங்க சுத்திட்டு வாங்கடா" என்று சொல்லிக் கர்ப்பக்கிருகத்தின் வெளிச் சுவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நின்றுகொண்டு போகிறவர்களின் கண்ணுக்குத் தப்பி, உட்கார்ந்தவர்களின் கண்ணுக்கு நேரே இருக்கிறது அந்த அடித்தளத்து வரிசை. நாயன்மார்களின் கதைகள், சின்னஞ் சிறு சிற்பங்களாக, பெயர் பொறித்து. ராஜராஜனின் தகப்பன் குலோத்துங்கன் காலத்தில்தான் சேக்கிழார் பெரிய புராணம் பாடினார். அப்படியானால் இது என்ன? புதிதாக வந்த புத்தகத்துக்கு ஒரு தலைமுறைக்குள் கல்லில் படம் போட்டிருக்கிறார்கள். தமிழில் வேறெந்தப் புத்தகத்துக்கு இந்த மரியாதை கிடைத்தது?

நான் திரும்பி வந்தபோது அம்மா பையனை மடியருகே இருத்திக்கொண்டு ஒரு சிற்பத்தைக் காட்டிக்கொண்டிருந்தாள். முதலை வாயிலிருந்து ஒரு பிள்ளை வெளியே வருகிறான்.

"ரெண்டு பசங்களுக்கும் அஞ்சு வயசு. ஒருத்தனை முதலை முழுங்கிடுச்சு. இன்னொருத்தனுக்குப் பூணூல் கல்யாணம், எதிர் வீட்டிலே மேளம் கொட்டுது. இந்த வீட்டிலே அழுவுறாங்க. அந்த வழியா சுந்தரர் வராரு."

"முதலை வயித்துக்குள்ளே அவன் என்ன பாட்டி சாப்பிட்டான்?"

"அதெல்லாம் சாமி பாத்துக்கும். பாரு, எத்தனை பெரியவனா வளந்து வரான் பாரு. அத்தனை வருஷமும் வளந்திருக்கான்."

எனக்கு முன்னால் பிறந்த அண்ணன் ஒருவன் ஐந்து வயதில் காய்ச்சலில் போனவன். பையனுக்கு அது தெரியாது. அம்மாவும் சொல்லவில்லை. கல்லில் அந்தப் பிள்ளை எவ்வளவு உயரம் என்பதை மட்டும் அவள் இரண்டு மூன்று தடவை சுட்டிக் காட்டினாள். சிற்பி அந்தக் கதையைச் செதுக்கிய நாளிலிருந்து இன்றுவரை அதை அவ்வளவு நுட்பமாகப் பார்த்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்களோ! சற்று முன்னால்தான் உள்ளே கண்ணை மூடிக்கொண்டு கும்பிட்டவள் அவள். அவள் பார்த்தது கதை தெரிந்திருந்ததால். என் பெண்ணுக்கும் கண் நன்றாகத்தான் இருக்கிறது. அவளுக்கு அவிநாசியையும் சுந்தரரையும் யாரும் சொல்லவில்லை. சாத்தனின் எதிரி பக்தியல்ல என்பதுதான் புதுமைப்பித்தனுக்கு என் பதில். மோட்சத்தைக் கேட்கிற அவசரம் ஒரு எதிரி. படம் எடுக்கிற அவசரம் இன்னொரு எதிரி. கோயில் புத்தகம் எழுதுகிறவர்கள் முதலாவதற்குத் தரகு வேலை பார்க்கிறார்கள். இரண்டாவதற்கு இப்போது தனியாகவே ஆட்கள் இருக்கிறார்கள்.

ஒரு புராணக் கதை, ஒரு சிற்பம், ஒரு தாய், அவள் வாய்விட்டுச் சொல்லாத ஒன்று. இவை நாலும் ஒரே இடத்தில் கூடுவது கோயிலில்தான் நடக்கும். இதை எழுதத்தான் நமக்குக் கட்டுரையாளர்கள் வேண்டும். கிலோமீட்டரைச் சாலையோரக் கல்லே சொல்லிவிடும்.

ஆராய்ச்சிக்காரர்கள் எழுதினால் சரியாகிவிடும் என்று நினைக்கவும் இடமில்லை. அவர்கள் புத்தகத்தில் தாராசுரத்துச் சிற்பத்துக்கு நீளம் இருக்கிறது, அகலம் இருக்கிறது, காலம் இருக்கிறது. அதன் முன்னால் யாரும் உட்காருவதில்லை. தாராசுரத்துப் பிட்சாடனரும் அவரைக் கண்டு மயங்கும் ரிஷிபத்தினிகளும் இப்போது தஞ்சைக் கலைக்கூடத்தில் இருக்கிறார்கள். கோயிலில் இருந்து பிரிந்ததால் அவர்களுக்குக் கிடைத்தது வெளிச்சம். போனது எண்ணெயும் பூவும். லாபமா நஷ்டமா என்று கேட்டால் எனக்கும் உடனே பதில் வராது. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் அங்கேயும் போனோம். டிக்கட் வாங்கிக்கொண்டு திரும்பினால் அம்மா வாசலிலேயே செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துக்கொண்டிருந்தாள். "இங்கே வேண்டாம் அத்தை, போட்டுக்கிட்டே வரலாம்" என்றாள் என் மனைவி.

"சாமி இருக்குன்னு சொன்னீங்களே" என்றாள் அம்மா.