மகிழ்ச்சியின் இசையும் மண்டபத்தின் உரிமையும்

மேனாட்டுப் பொப் இசையைப் பற்றி நம்மிடையே பேச்செழும்போது பெரும்பாலும் இருவகைக் கருத்துக்களே வெளிப்படுகின்றன. இளைஞரின் சிந்தனையை மழுங்கடிக்கும் முதலாளித்துவச் சரக்கு அது என்பர் சிலர். வெறும் பொழுதுபோக்கில் ஆராய என்ன உண்டு என்பர் வேறு சிலர். யார் பாடுகின்றனர், யார் கேட்கின்றனர், பாடும் இடம் யாருக்குச் சொந்தம் என்ற வினாக்களை இருசாராரும் எழுப்புவதில்லை. ஹெவன்லி என்னும் ஆங்கிலக் குழுவை முன்வைத்து இவ்வினாக்களை நோக்குதல் பயனுடைத்து.

1989இல் ஒக்ஸ்போர்டில் தோன்றிய இக்குழு, பிறிஸ்டல் நகரத்துச் சாறா றெக்கோட்ஸ் வாயிலாகத் தன் இசைத்தட்டுக்களை வெளியிட்டது. கிளேயர் வாட், மற் ஹெயின்ஸ் என்னும் இருவர் 1987இல் தொடங்கிய அந்நிறுவனம் பெருங்கம்பனிகளைச் சாராது இயங்கியது. ஏழங்குலச் சிறு தட்டுக்களையே பெரிதும் போற்றியது. ரசிகரின் பணப்பையைக் கறக்கும் விற்பனைத் தந்திரங்களைக் கண்டித்தது. 1995இல் நூறாவது வெளியீட்டுடன் தன் பணியைத் தானே முடித்துக்கொண்டது. 'இண்டி' எனப்படும் சுயாதீன இசை, பெயருக்கேற்ப நடந்துகொண்ட சந்தர்ப்பம் இதுவெனலாம்.

குழுவின் இசை துடிப்பு மிக்கது. விரைந்தோடும் கிற்றார், துள்ளும் ஓர்கன், ஒன்றையொன்று குறுக்கிட்டுச் செல்லும் பெண்குரல்கள் ஆகியன அதன் இயல்புகள். இதனைக் குழந்தைத்தனமென எள்ளிய விமர்சகர் பலர். ஆனால், 1993இல் வெளிவந்த 'ஹார்ட்ஸ் அண்ட் குரோசஸ்' என்னும் பாடலை அவதானித்தல் வேண்டும். காதற்கனவில் ஆழ்ந்த பெண்ணொருத்தி, தான் விரும்பிய ஆடவனாலேயே பலாத்காரத்துக்கு ஆளாவது அதன் பொருள், மெட்டோ குதூகலமானது. உருவம் உள்ளடக்கத்துக்கு முரணாக நிற்கின்றதே என்று ஐயுறுவோர் சற்றுச் சிந்திப்பாராக. வணிகப் பாடல்கள் இளம்பெண்களுக்கு ஊட்டிய கனவின் குரலே அம்மெட்டு. வன்முறை அக்கனவுக்குள்ளேயே நிகழ்கின்றது. கால் தாளமிட்டுக்கொண்டிருக்க, மனம் திடுக்கிடுகின்றது.

இத்தகைய பாடல் முழுமை பெறுவது சிறு மண்டபத்திலேதான். மத்தளக் கலைஞர் மதியூ பிளெற்சர் 1996இல் இறந்தபின் அடங்கியிருந்த குழு, 2023இல் இலண்டன் புஷ் ஹோலில் மீண்டும் மேடையேறியது. 1904இல் நடனசாலையாகக் கட்டப்பட்ட அம்மண்டபம் சில நூறு பேரையே கொள்ளும். அங்கே மேடைக்கும் கூட்டத்துக்கும் இடைவெளி சில அடிகளே. பாடுவோரின் மூச்சும் பிசகும் கேட்போருக்கு மறைவதில்லை. கேட்போரின் முகங்களும் பாடுவோருக்கு மறைவதில்லை. நட்சத்திர வழிபாடு அங்கே வேரூன்றுவது அரிது. பாடகி அமீலியா பிளெற்சர் வணிகப் போட்டிக் கொள்கையை ஆராயும் பொருளியலாளர். கிற்றார் வாசிக்கும் பீற்றர் மொம்சிலோவ் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழக அச்சகத்தில் தத்துவ நூல்களைப் பதிப்பித்தவர். தொழில் செய்து வாழும் மாந்தர், தொழில் முடிந்து வந்த மாந்தருக்குப் பாடுகின்றனர்.

எனினும், இச்சுயாதீனத்தின் எல்லையையும் சொல்லியாக வேண்டும். கல்வியும் உத்தியோகமும் வாய்த்த நடுத்தர வர்க்கத்தவர் இசையால் வரும் நட்டத்தைத் தாங்கிக்கொள்ளலாம். கூலிக்கு உழைக்கும் இளைஞனுக்கு அது எளிதன்று. அவனுக்குத் தேவை, அண்மையில் ஒரு மேடை. அம்மேடைகளோ மறைந்து வருகின்றன. 2023ஆம் ஆண்டில் மட்டும் பிரித்தானியாவில் 125 சிறு இசையரங்குகள் மூடப்பட்டன அல்லது இசை நிகழ்ச்சிகளைக் கைவிட்டன என மியூசிக் வெனியூ ட்ரஸ்ட் என்னும் அறநிலையம் கணக்கிட்டது. வாடகையும் மின்சாரச் செலவும் ஏற, பெருமைதானங்களின் இலாபம் இவ்வரங்குகளை எட்டுவதில்லை. 1978இல் தொடங்கிய பாத் நகரத்து 'மோல்ஸ்' அரங்கும் அவ்வாண்டின் இறுதியிலேயே மூடுண்டது.

மாற்றுவழி இல்லாமலில்லை. அதே 2023இல், பொதுமக்கள் வாங்கிய சிறு பங்குகளின் துணைகொண்டு, அதர்ட்டன் என்னும் ஊரின் 'த ஸ்னக்' அரங்கு நிலவுடைமையாளரிடமிருந்து விலைக்கு வாங்கப்பட்டது. இசைத்தட்டைச் சுயமாக வெளியிட்ட தலைமுறை கூரையைப் பிறர் கையில் விட்டிருந்தது. இனிவரும் தலைமுறை கூரையையும் தனதாக்கிக்கொள்ளல் வேண்டும். மக்களின் மகிழ்ச்சிக்கு இடந்தேடுவதும் முற்போக்காளரின் கடமைகளுள் ஒன்றே.