ஏ4-ல் விருத்தம், ஆறு அங்குலத்தில் வசனம்

போன பொங்கலுக்குக் குமாரலிங்கபுரம் போயிருந்தபோது பெரியப்பா என்னுடைய பழைய கிண்டிலை நீட்டி, "ஏப்பா, இது பாட்டா வசனமா?" என்று கேட்டார். முப்பது வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்தியவர். வாங்கிப் பார்த்தேன். அறுசீர் விருத்தம். ஒவ்வொரு அடியும் நாலு சீரோடு மடங்கி, மிச்ச ரெண்டு சீர் அடுத்த வரியில் அதே இடது ஓரத்தில் தொடங்குகிறது. நாலு அடி எட்டு வரியாகிவிட்டது. எது அடி முடிகிற இடம், எது திரை முடிகிற இடம் என்று கண்ணுக்குத் தெரியவில்லை. எதுகையைத் தேடித்தான் பிரிக்கணும். பெரியப்பா அதைப் பிரித்துவிட்டுத்தான் என்னிடம் கேட்டார். கேள்வி எனக்கு வைத்த குத்து, ஏன்னா அந்தக் கோப்பை ஏ4-லிருந்து மாற்றிக் கொடுத்தது நான்தான்.

ஏ வரிசைத் தாள்களுக்கு ஒரு அழகு உண்டு. நீளத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதம் ரெண்டின் வர்க்கமூலம், அதாவது 1.414. பாதியாக மடித்தாலும் அதே வடிவம்தான் வரும். 1786-லேயே லிச்சன்பெர்க் ஒரு கடிதத்தில் இதை எழுதிவிட்டார்; 1922-ல் ஜெர்மனியில் போர்ஸ்ட்மன் அதைத் தரமாக்கினார். ஜெராக்ஸ் மெஷினில் 71%, 141% என்று பட்டன் இருப்பது இதனால்தான். ஏ4-லிருந்து ஏ5-க்குப் போனால் 12 பாயிண்ட் எழுத்து எட்டரை பாயிண்ட் ஆகும். கஷ்டப்பட்டுப் படிக்கலாம்.

ஆனால் தமிழ்ப் புத்தகம் ஏ வரிசையில் பிறந்ததில்லை. டெம்மி, கிரவுன் என்றுதான் இன்னமும் நூல் விவரப் பக்கத்தில் போடுகிறார்கள். டெம்மி எட்டில் ஒன்று என்பது ஐந்தரைக்கு எட்டரை அங்குலம், கிட்டத்தட்ட 140க்கு 216 மில்லிமீட்டர். ஏ5 148க்கு 210. பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், விகிதம் வேறு. ஏ5-ல் வடிவமைத்ததை டெம்மி அகலத்துக்குச் சுருக்கினால் உயரத்தில் 17 மில்லிமீட்டர் சும்மா கிடக்கும். அதை மறைக்க உயரத்தை மட்டும் இழுத்துவிடுகிறவர்கள் உண்டு. கொம்பும் காலும் நெட்டையாகி நிற்கிற புத்தகங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

ஆறு அங்குலத் திரை இன்னும் மோசம். அதன் விகிதம் 4:3, அகலம் சுமார் 90 மில்லிமீட்டர். ஏ4 பக்கத்தை அப்படியே அதற்குள் அடக்கினால் 12 பாயிண்ட் எழுத்து 5 பாயிண்ட்டுக்கும் கீழே போய்விடும். அந்த அளவில் 'ண'வும் 'ன'வும் ஒன்றுதான், புள்ளி இருக்கிறதா இல்லையா என்பது யூகம்தான்.

இந்த இடத்தில் ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்தைப் பாராட்டணும். 2013-லிருந்து ஒரே நூலை ஈபப், மோபி, ஏ4 பிடிஎஃப், ஆறு அங்குல பிடிஎஃப் என்று தனித்தனியாகத் தருகிறார்கள். ஆரம்பகாலக் கிண்டில்களில் தமிழ் எழுத்துரு ஒழுங்காக வராது. எழுத்துருவைத் தன்னோடு சுமந்து வரும் பிடிஎஃப்தான் அப்போது கைகொடுத்தது. அந்த ஆறு அங்குலக் கோப்பு பக்கத்தைச் சுருக்கியது இல்லை, உரையைப் புதிதாக ஓடவிட்டது. கதைக்கும் கட்டுரைக்கும் இது சரியான முடிவு. 'அளவு மாற்றுவது' என்ற ஒரே சொல்லுக்குள் ரெண்டு வேலை ஒளிந்திருக்கிறது: ஒன்று சுருக்குவது, இன்னொன்று மறுபடி அடுக்குவது.

என் புகார் ரெண்டாவது வேலையைப் பற்றி. மறுபடி அடுக்கும்போது மென்பொருளுக்கு வரி என்றால் இடம் தீர்ந்த இடம், அவ்வளவுதான். வசனத்தில் அது உண்மை. குறளுக்கு முதலடியில் நாலு சீர், ரெண்டாவதில் மூணு. அந்த முறிவு பாட்டின் உறுப்பு, தாளின் சௌகரியம் கிடையாது. நான் செய்த தப்பு, எல்லா அடியையும் ஒரே பத்தியாக்கி நடுவில் வெறும் வரிமுறிப்பு போட்டது. ஏ4-ல் இது தெரியவே தெரியாது, அகலம் தாராளமாக இருந்து எல்லாத்தையும் மூடிவிடும். தாள் சின்னதாகும்போதுதான் சாயம் வெளுக்கிறது. 2012-ல் இன்டிசைன் சிஎஸ்6-ல் வந்த 'லிக்விட் லேஅவுட்'டுக்கும் பெட்டி நகரத் தெரியும், அடி தெரியாது.

ஈய எழுத்துக் காலத்து அச்சுக்கோப்பவர்களுக்கு இது தெரிந்திருந்தது. நீள அடியை மடக்கினால் மிச்சத்தை உள்ளே தள்ளிக் கோப்பார்கள். பழைய விருத்தப் பதிப்புகளைப் புரட்டினால் அந்த உள்தள்ளல் கண்ணில் படும். மர்ரே எஸ். ராஜம் பதிப்புகளில் சந்தி பிரித்து அச்சிட்டது சாதாரண வாசகனுக்காகத்தான். எனக்கு அதில் இன்னொரு லாபமும் தெரிகிறது: சொற்கள் குட்டையாகி, குறுகிய பக்கத்திலும் வரி ஒழுங்காக மடங்குகிறது. இல்லாவிட்டால் இருபக்கமும் சமன்படுத்திய வரியில் சொல்லுக்குச் சொல் கம்மாய் வெடிப்பு மாதிரி இடைவெளி விழும்.

திரும்பி வந்து கோப்பைத் திருத்தினேன். ஒவ்வொரு அடியும் ஒரு தனிப் பத்தி. இடது ஓரத்தில் ரெண்டு எழுத்து அகலம் விட்டு, முதல் வரியை மட்டும் அதே அளவு வெளியே இழுக்கணும். சிஎஸ்எஸ்-ல் ரெண்டே வரி, லிப்ரே ஆபீஸில் பத்திப் பாணியில் ரெண்டு எண். சமன்படுத்துவதைப் பாட்டுக்கு மட்டும் நிறுத்தினேன். அதற்கப்புறம் ஏ4, டெம்மி, ஆறு அங்குலம் மூன்றும் ஒரே கோப்பிலிருந்து வந்தன. அடி மடங்குகிறது, ஆனால் மடங்கியது தெரிகிறது.

பெரியப்பா ஒத்துக்கொண்டார். எழுத்தை மட்டும் இன்னும் பெரிசாக்கச் சொன்னார். ஆக்கினால் எண்சீர் விருத்தத்தின் ஒரு அடி மூணு வரிக்குப் போகிறது, மூணாவது வரியில் ஒற்றைச் சீர் தனியாகத் தொங்குகிறது. சீர் எண்ணி மடக்க எந்த மென்பொருளுக்கும் இன்னும் நான் சொல்லித் தரவில்லை.