மங்க் அழுத்திய பக்கத்துக் கட்டை

ஜாஸ் கலைஞர் தெலோனியஸ் மங்க்கின் பியானோவைப் புதிதாகக் கேட்பவருக்குக் கை தவறிப் பக்கத்துக் கட்டையில் விழுந்தது போலத்தான் இருக்கும். அடுத்தடுத்த இரண்டு கட்டைகளைச் சேர்த்து அழுத்தி, ஒன்றை மட்டும் சட்டென்று விட்டுவிடுவார். மற்றது நின்று ஒலிக்கும். பியானோவில் கமகம் ஏது? இரண்டு சுரங்களுக்கு நடுவே வழுக்கிப்போக வழியில்லாத வாத்தியத்தில், அந்த வழுக்கலை வரவழைக்கப் பார்த்தார் என்றே என் காதுக்குப் படுகிறது.

1917இல் வட கரோலைனாவில் பிறந்து, நியூயார்க்கில் வளர்ந்தவர். 1940களின் தொடக்கத்தில் ஹார்லெமின் மின்டன்ஸ் விடுதியில் அவர் வாசித்துக்கொண்டிருந்தபோதுதான் பீபாப் என்ற புதிய ஜாஸ் பாணி அங்கே உருவாகிக்கொண்டிருந்தது. 1947இல் புளூ நோட் நிறுவனத்துக்காகத் தன் பெயரில் பதிவுசெய்யத் தொடங்கினார். 1951இல் ஒரு போதைப்பொருள் வழக்கில் சிக்கியதால் 'காபரே கார்டு' பறிபோனது. அது இல்லாமல் அன்றைய நியூயார்க் மது விடுதிகளில் வாசிக்க முடியாது. வாசிப்பின் உச்சத்தில் இருந்தவருக்குச் சொந்த ஊரிலேயே ஆறு வருஷம் விடுதி மேடை இல்லை, இசைத்தட்டுகள்தான் பேசின.

அவற்றில் 1956இல் பதிவான 'பிரில்லியன்ட் கார்னர்ஸ்' தனி ரகம். தலைப்புப் பாடல் தள்ளாடும் நடையில் தொடங்கும். அடுத்த சுற்றில் வேகம் இரட்டிக்கும், பிறகு பழைய நடைக்கே திரும்பும். சோனி ராலின்ஸ், மேக்ஸ் ரோச் போன்ற ஜாம்பவான்கள் இருந்தும் இருபத்தைந்து முயற்சிகளில் ஒன்றுகூட முழுதாகத் தேறவில்லை. தயாரிப்பாளர் ஓரின் கீப்நியூஸ் துண்டுகளை வெட்டி ஒட்டித்தான் தட்டை முடித்தார். ஒட்டுப்போட்டதாயிற்றே என்று முகம் சுளிக்கத் தேவையில்லை, அந்த முரட்டுத்தனம் பாட்டிலேயே இருக்கிறது.

ஜாஸ் பியானோக்காரர்கள் பலர் மெட்டை ஒருமுறை காட்டிவிட்டு அதன் சுரக் கட்டமைப்பை மட்டும் பிடித்துக்கொண்டு பறந்துவிடுவார்கள். மங்க் மெட்டை விடமாட்டார். எவ்வளவு தூரம் போனாலும் அதன் ஒரு நுனி கையில் இருக்கும். 1957இல் 'ரவுண்ட் மிட்நைட்'டைத் தனியாக வாசித்துத் தேடிய இருபது நிமிடத்துக்கும் மேற்பட்ட ஒத்திகைப் பதிவு கிடைக்கிறது. தன்னுடைய பாட்டையே நிறுத்தி, பின்னுக்குப் போய், ஓர் இடத்தையே திரும்பத் திரும்பத் தட்டிப் பார்க்கிறார்.

1964இல் டைம் இதழின் அட்டையில் வந்தார். அந்தக் காலத்து கொலம்பியா நிறுவனத் தட்டுகள் சுத்தமானவை, ஆனால் பழைய பாட்டுகளே சுற்றிச் சுற்றி வரும். அங்கே தொடங்க வேண்டாம். சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனோடு 1957 நவம்பரில் கார்னகி அரங்கில் வாசித்த பதிவு, அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் கிடந்து 2005இல் வெளிவந்தது. முதலில் அதைக் கேளுங்கள்.